பழைய படகு இன்ஜினில் ஹெட் கேஸ்கெட் மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

படகுக்குள்ளேயே பொருத்தப்பட்ட பழைய வார்ப்பிரும்பு இன்ஜின்களுக்கான வழிகாட்டி இது. யுனிவர்சல் அட்டாமிக் 4, பழைய கிரே மரைன் போன்ற பெட்ரோல் இன்ஜின்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இவற்றில் பல சைடு வால்வு ரகம்: வால்வுகள் பிளாக்கிலேயே (சிலிண்டர்கள் இருக்கும் உடற்பகுதி) இருக்கும், ஹெட் என்பது உள்ளே தண்ணீர் ஓடும் கனமான மூடி, அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். வால்வுகள் ஹெட்டில் இருக்கும் இன்ஜின்களுக்கு எங்கே வேலை மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

கேஸ்கெட்டை எடுத்து வைப்பது இதில் மிகச் சிறிய வேலை. துருப்பிடித்த ஸ்டட்களை (பிளாக்கிலிருந்து நீட்டி நின்று, நட்டோடு ஹெட்டைப் பிடிக்கும் மரைக்கம்பிகள்) உடைக்காமல் கழற்றுவதும், இரண்டு முகங்களையும் சுத்தமாக்குவதும்தான் நாளை விழுங்கும். அதைவிட முக்கியம், பழைய கேஸ்கெட் ஏன் போனது என்று கண்டுபிடிப்பது. அதைச் செய்யாமல் புதியதை வைத்தால் அதுவும் அதே இடத்தில்தான் எரியும்.

1. கேஸ்கெட்தான் காரணமா என்று முதலில் பாருங்கள்

ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் எல்லோரும் உடனே ஹெட்டைக் கழற்றப் போகிறார்கள். படகு இன்ஜினில் ஆயிலுக்குள் தண்ணீர் வர வேறு வழிகளும் உண்டு. தண்ணீர் பம்பின் சீல் தேய்ந்திருக்கலாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு உள்ளே அரித்துப்போய் அங்கிருந்து வால்வு வழியாக சிலிண்டருக்குத் தண்ணீர் இறங்கியிருக்கலாம்.

இன்ஜின் பிடிக்காமல் ஸ்டார்ட்டரை நீண்ட நேரம் ஓட்டியிருந்தால் இன்னொரு சந்தேகம் வர வேண்டும். பம்ப் கடல்நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அதை வெளியே ஊதித்தள்ளப் புகை இருக்காது. தண்ணீர் மஃப்ளரில் நிரம்பி, பின்வாங்கி சிலிண்டருக்குள் வந்துவிடும். இதற்கும் கேஸ்கெட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

வெள்ளைப் புகையையும் அப்படியே நம்ப வேண்டாம். எக்ஸாஸ்ட்டில் தண்ணீர் கலக்கும் படகில் குளிர்ந்த காலையில் ஆவி வருவது இயல்பு.

சரி, எப்படி உறுதி செய்வது? கம்ப்ரஷன் பாருங்கள். எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷன் காயிலைத் துண்டித்து, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டராக அளவெடுங்கள். கடல்நீர் வால்வை மூடிவிட்டு, பம்பின் ரப்பர் இம்பெல்லரையும் வெளியே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது தண்ணீரில்லாமல் உரசிக் கருகும்.

அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் மட்டும் அளவு விழுந்திருந்தால் அவற்றுக்கு இடையிலுள்ள கேஸ்கெட் எரிந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட நிச்சயமாகச் சொல்லலாம். ஒரே ஒரு சிலிண்டரில் குறைந்தால் வால்வோ ரிங்கோகூடக் காரணமாக இருக்கலாம்.

தண்ணீர்ப் பக்கத்துக்கு வேறு சோதனை. மேனிஃபோல்டைத் தனியாகப் பிரித்துவிட்டு, பிளாக்கின் தண்ணீர் வழிகளை அடைத்து, கைப்பம்பால் 0.7 பார் அளவுக்குக் காற்றேற்றுங்கள். பத்து நிமிடத்தில் அழுத்தம் இறங்கினால் பிளக் துளைகளிலும் ஆயில் ஊற்றும் வாயிலும் காதை வைத்துக் கேளுங்கள். எங்கே சீறுகிறது என்பதே பதில். மேனிஃபோல்டையும் இதேபோல் தனியாகச் சோதித்துவிட்டால் சந்தேகமே மிஞ்சாது.

2. வேலை தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அந்த இன்ஜினின் சர்வீஸ் மேனுவல் இல்லாமல் தொடங்காதீர்கள். டார்க் (முறுக்கு விசை) அளவும் நட்டுகளை முறுக்கும் வரிசையும் அதில்தான் இருக்கும். வேறு இன்ஜினின் அளவைக் கடன் வாங்குவது ஸ்டட்டை அறுக்கும், அல்லது கேஸ்கெட்டைத் தளர்வாக விடும்.

புது கேஸ்கெட் கைக்கு வந்து, அதன் துளைகள் உங்கள் இன்ஜினோடு ஒத்துப்போகும் என்று தெரிந்த பிறகே பழையதைப் பிரியுங்கள். பழைய இன்ஜின்களில் ஒரே பெயரில் ஆரம்பகால, பிற்கால ஹெட்கள் இருக்கும், துளைகள் மாறும். மேனிஃபோல்டு, தெர்மோஸ்டாட் உறை, கார்புரேட்டர் கேஸ்கெட்களையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

கருவிகளில் டார்க் ரென்ச், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), நேரான இரும்பு அளவுகோல், ஆறுமுனை சாக்கெட்கள், நட்டுப் பிளப்பான், மரை சுத்தம் செய்யும் சேசர், துரு இளக்கி ஆகியவை கட்டாயம். பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டாம். துருவால் மெலிந்த நட்டின் மூலைகளை அது உருட்டிவிடும்.

துரு இளக்கியை ஒரு வாரம் முன்பே அடிக்கத் தொடங்குங்கள். தினமும் கொஞ்சம் அடித்து, ஒவ்வொரு ஸ்டட்டின் தலையிலும் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். அந்த அதிர்வில்தான் எண்ணெய் மரைக்குள் இறங்கும்.

3. படகைப் பாதுகாப்பான நிலைக்குக் கொண்டுவருதல்

கடல்நீர் வால்வை மூடி, சாவியிலேயே ஒரு சீட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். மூடியிருக்கிறது என்பதை மறந்து இன்ஜினை ஓட்டுவதும் நடக்கும், திறந்திருப்பதை மறந்து ஹோஸைக் கழற்றுவதும் நடக்கும். இரண்டாவதில் படகு மூழ்கும்.

பெட்ரோல் வால்வை மூடி, கார்புரேட்டரில் இருப்பதை வடித்து, ப்ளோயரை ஓட்டி இன்ஜின் அறையின் காற்றை மாற்றுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, பில்ஜில் (படகின் அடிப்பள்ளம்) போய்த் தங்கும். அதன் பிறகே பேட்டரியைக் கழற்றுங்கள். கழற்றும்போது வரும் சின்னப் பொறியே போதும்.

படகு தண்ணீரில் இருந்தால் தானாக ஓடும் பில்ஜ் பம்புக்கான மின்சாரத்தை மட்டும் துண்டிக்காதீர்கள். ஆனால் இன்ஜினிலிருந்து வடியும் ஆயிலும் கூலன்டும் அந்தப் பம்ப் வழியாக வெளித் தண்ணீருக்குப் போய்விடக் கூடாது. இன்ஜினுக்கு அடியில் தட்டும், பில்ஜில் எண்ணெய் உறிஞ்சும் துணியும் போடுங்கள்.

பிளாக்கின் வடிகால் பிளக்கைத் திறந்தும் தண்ணீர் வராவிட்டால் உள்ளே காலி என்று நினைக்காதீர்கள். துருச் சேறு அடைத்திருக்கும். கம்பியால் குத்தினால் கொட்டும்.

4. மேலுள்ளவற்றைக் கழற்றுதல்

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் படம் எடுங்கள், வயர்களில் சீட்டு ஒட்டுங்கள். பிளக் வயர்கள், ஹோஸ்கள், தெர்மோஸ்டாட் உறை, ஆல்டர்னேட்டர் பிடி என்று வரிசையாக வாருங்கள். ஹெட்டின் சில ஸ்டட்கள் இந்தப் பிடிகளையும் தாங்குவதால் நீளம் கூடுதலாக இருக்கும். ஒரு அட்டையில் ஹெட்டின் உருவத்தை வரைந்து, நட்டையும் வாஷரையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள்.

வால்வுகள் ஹெட்டில் இருக்கும் இன்ஜினில் ராக்கர் அமைப்பும் (வால்வை அழுத்தும் நெம்புகள்) புஷ்ராட்களும் (அவற்றைத் தள்ளும் தண்டுகள்) முதலில் வெளியே வரும். புஷ்ராட்களை வந்த வரிசையிலேயே, மேல் முனை எது என்று குறித்து வையுங்கள். ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய ஜோடிகள் அவை, மாற்றிப் போட்டால் தேய்மானம் வேகமாகும்.

5. நட்டுகளைத் தளர்த்துதல்

இங்கேதான் நிதானம் வேண்டும். இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது தளர்த்தினால் ஹெட் வளையும்.

முறுக்கும் வரிசைக்கு நேர் எதிராக, ஓரத்திலிருந்து நடுவுக்கு வாருங்கள். ஒரு சுற்றில் ஒவ்வொரு நட்டையும் கால் திருப்பு மட்டும். எல்லாம் தளர்ந்த பிறகு அடுத்த சுற்று. ஒரு பக்கத்தை முழுக்கக் கழற்றிவிட்டு மறுபக்கம் போனால் மிச்சமிருக்கும் நட்டுகள் ஹெட்டைச் சாய்வாக இழுக்கும்.

நட்டு அசையவில்லையா? நீளமான கம்பியை மாட்டித் தொங்காதீர்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை திருப்புங்கள், துருவின் பிடி விடும். பிறகு தளர்த்துங்கள், மறுபடி கொஞ்சம் இறுக்குங்கள், எண்ணெய் அடியுங்கள், மறுபடி தளர்த்துங்கள். இப்படி முன்னும் பின்னுமாகப் போவதால் துருத்தூள் மரையில் சிக்கிக்கொள்ளாமல் வெளியேறும்.

கையில் வரும் உணர்வைக் கவனியுங்கள். கழலும் நட்டு ஒரு கிறீச் சத்தத்தோடு சட்டென்று விடும். உடையப்போகும் ஸ்டட் ரப்பர்போல் மெதுவாக முறுக்கிக்கொண்டு வரும். அந்த ரப்பர் உணர்வு வந்தவுடன் நிறுத்துங்கள். அங்கே நட்டுப் பிளப்பானைப் போட்டு நட்டைப் பலி கொடுங்கள். நட்டு போனால் இன்னொன்று வாங்கலாம், பிளாக்கோடு ஒட்டி உடைந்த ஸ்டட் பெரிய வேலை.

சூடு காட்டினால் நிறைய ஸ்டட்கள் கழலும் என்பது உண்மை. ஆனால் பெட்ரோல் படகின் இன்ஜின் அறைக்குள் தீச்சுடர் கூடவே கூடாது. நட்டைச் செந்தணலாக்கும் இன்டக்ஷன் ஹீட்டருக்கும் இதே விதிதான். சூடு இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தால் இன்ஜினை வெளியே இறக்கி, பட்டறையில் செய்யுங்கள்.

உடைந்தே விட்டால் பதறாமல் மற்றவற்றைக் கழற்றுங்கள். ஹெட் போன பிறகு ஸ்டட்டின் துண்டு மேலே நீட்டியிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருப்பலாம், அதையும் பட்டறையில்தான். பிளாக்கோடு சமமாக உடைந்திருந்தால் சரியாக நடுவில் புள்ளி குத்தி, வழிகாட்டும் புஷ் வைத்து, இடப்பக்கம் சுழலும் டிரில் பிட்டால் துளையிடுங்கள். பல நேரம் டிரில்லின் பிடியிலேயே துண்டு கழன்று வரும். உள்ளே செருகித் திருப்பும் கடினமான எக்ஸ்ட்ராக்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது உள்ளே உடைந்தால் எந்த டிரில் பிட்டும் அதில் இறங்காது.

6. ஹெட்டைத் தூக்குதல்

நட்டுகள் எல்லாம் வந்த பிறகும் ஹெட் அசையாது. ஸ்டட்டுக்கும் ஹெட்டின் துளைக்கும் இடையில் துரு கெட்டித்திருக்கும். ஒவ்வொரு ஸ்டட்டைச் சுற்றியும் எண்ணெய் ஊற்றி, மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் தட்டுங்கள்.

திருப்புளியையோ உளியையோ கேஸ்கெட் இடைவெளியில் அடிக்காதீர்கள். அங்கே விழும் ஒரு கீறல் பின்னால் தண்ணீர் ஒழுகும் வழியாகிவிடும்.

சைடு வால்வு இன்ஜினில் ஒரு நல்ல வழி உண்டு. ஸ்பார்க் பிளக்குகளைத் திரும்பப் போட்டு, நட்டுகளைச் சில மரைகள் மட்டும் பிடித்திருக்கும்படி விட்டு, இக்னிஷனும் பெட்ரோலும் துண்டித்த நிலையில் இன்ஜினைக் கையால் சுற்றுங்கள். உள்ளே அழுந்தும் காற்றே ஹெட்டைத் தூக்கும். நட்டுகள் இருப்பதால் ஹெட் துள்ளாது. ராக்கரைக் கழற்றிவிட்ட இன்ஜினில் வால்வுகள் மூடியே இருக்கும், காற்று உள்ளே வராது. அதனால் அங்கே இது பலிக்காது.

வார்ப்பிரும்பு ஹெட் கனமானது, படகில் நிற்க வசதியும் இருக்காது. இன்னொருவரைக் கூப்பிட்டு நேர் மேலே தூக்குங்கள். மரப்பலகையில் பக்கவாட்டில் வையுங்கள், முகம் தரையில் படக் கூடாது.

7. பழைய கேஸ்கெட் என்ன சொல்கிறது

அதைத் தூக்கி எறியும் முன் நிதானமாகப் பாருங்கள். சிலிண்டர்களுக்கு நடுவில் கறுத்த தடம் இருந்தால் நெருப்பு அங்கே தாண்டியிருக்கிறது. தண்ணீர்த் துளையிலிருந்து சிலிண்டர் வரை துருக்கோடு இருந்தால் தண்ணீர் அந்த வழியே போயிருக்கிறது. ஒரு முனை முழுக்கக் காய்ந்து கருகியிருந்தால் அந்தப் பக்கம் தண்ணீர் ஓட்டமே இல்லை.

பெரும்பாலும் மூலகாரணம் அதிகச் சூடுதான். தேய்ந்த இம்பெல்லர், அடைத்த தண்ணீர் வழி, ஒட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட் என்று தேடிப் பாருங்கள். பற்றவைக்கும் நேரம் முந்திப்போய் இன்ஜின் தட்டிக்கொண்டு ஓடியிருந்தால் அதுவும் கேஸ்கெட்டின் விளிம்பை உடைக்கும்.

8. முகங்களைச் சுத்தம் செய்தல்

முதலில் ஒரு எச்சரிக்கை. பழைய கேஸ்கெட்களில் செம்புத் தகடுகளுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது சகஜம். உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், கம்பி பிரஷ் சக்கரமும் காற்று ஊதுவதும் வேண்டாம். சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்தே எடுங்கள், எஃப்எஃப்பி3 தர முகக்கவசம் அணியுங்கள். எடுத்ததை ஈரமாகவே இரட்டைப் பையில் கட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கழிவுக்கான விதிப்படி அப்புறப்படுத்துங்கள்.

சிலிண்டர்களிலும் வால்வு வழிகளிலும் துணி அடைத்து, பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள விளிம்பில் கிரீஸ் தடவுங்கள். விழும் தூளை கிரீஸ் பிடித்துக்கொள்ளும், அப்படியே வழித்து எடுத்துவிடலாம்.

சுரண்டியைப் படுக்கையாகப் பிடித்து, கையாலேயே எடுங்கள். சுழலும் உரசு வட்டுகள் வேகமாக முடிக்கும் என்பதால் ஆசை காட்டும். அவற்றிலிருந்து உதிரும் மணல் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும், முகத்திலும் பள்ளம் விழும்.

ஹெட் வெளியே இருக்கும் இந்த நேரம்தான் பிளாக்கின் தண்ணீர் அறையைச் சுத்தம் செய்யக் கிடைக்கும் வாய்ப்பு. கடல்நீர் நேராக ஓடிய இன்ஜினில் துருச் செதிலும் உப்பும் அடியில் படிந்திருக்கும், கடைசி சிலிண்டரைச் சுற்றி இன்னும் அதிகமாக. வளைத்த கம்பியால் கிளறி, உறிஞ்சி எடுத்து, பிறகு நீரால் கழுவுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு கேஸ்கெட்டை மட்டும் மாற்றியவர்கள் மறுபடி ஹெட்டைக் கழற்றுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டட் துளைகளின் மரைகளை சேசரால் சுத்தம் செய்யுங்கள். வெட்டும் டேப் இரும்பைச் சீவி மரையைத் தளர்த்திவிடும். அடி மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ நிற்கக் கூடாது. ஸ்டட் இறங்கும்போது அந்தத் திரவத்துக்குப் போக வழியின்றி பிளாக்கே வெடிக்கலாம்.

9. வளைவும் வெடிப்பும்

இரும்பு அளவுகோலை ஹெட்டின் முகத்தில் நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டங்களில் வைத்து ஃபீலர் கேஜை அடியில் செருகிப் பாருங்கள். பிளாக்கையும் இதேபோல் பாருங்கள், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மேனுவல் தரும் வரம்புதான் கணக்கு. 0.1 மி.மீ. தகடு தாராளமாக நுழைந்தால் ஹெட்டை மெஷின் கடைக்குக் கொடுத்துச் சீவச் சொல்லுங்கள், தேவைக்கு மேல் ஒரு துளியும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

சைடு வால்வு பிளாக்கில் வெடிப்பு வரும் இடம் வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள மெல்லிய பகுதி. அங்கே நிறமூட்டும் சோதனை திரவத்தை அடித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் எந்த கேஸ்கெட்டும் உதவாது, அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

தண்ணீர்த் துளையைச் சுற்றி அரித்த சிறு பள்ளங்களை உலோகத்தூள் கலந்த எபாக்சியால் நிரப்பிச் சமமாக்கலாம். சிலிண்டரைச் சுற்றிய நெருப்பு வளையத்துக்கு அருகில் அது நிற்காது.

10. ஸ்டட்டும் புது கேஸ்கெட்டும்

கழுத்து மெலிந்த ஸ்டட்களை மாற்றுங்கள். துருப்பிடிக்காதே என்று சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டட் போடத் தோன்றும். ஏ4-70 வகை ஸ்டெயின்லெஸ் 450 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக நீளத் தொடங்கும், 8.8 தர எஃகு 640 வரை தாங்கும். மேனுவலின் டார்க் எஃகு ஸ்டட்டுக்கானது, ஸ்டெயின்லெஸ் இழுபட்டுத் தளர்ந்துபோகலாம். மரையில் உரசி இறுகிக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு.

தண்ணீர் அறைக்குள் திறக்கும் துளைகளில் ஸ்டட்டின் கீழ் மரைக்கு சீலன்ட் தடவுங்கள். ஸ்டட்டை பிளாக்கில் கையிறுக்கமாக வைத்தால் போதும், பிடித்து நிறுத்துவது மேலிருந்து வரும் இழுவைதான்.

கேஸ்கெட்டைச் சும்மா வைத்துப் பார்த்து ஒவ்வொரு துளையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மேல்பக்கம், முன்பக்கம் என்று குறி இருந்தால் அதன்படியே வையுங்கள். சில தண்ணீர்த் துளைகள் பிளாக்கின் துளையைவிடச் சிறிதாக இருக்கும். தண்ணீரை எல்லாச் சிலிண்டர்களுக்கும் பங்கிட்டு அனுப்பவே அப்படி வைத்திருக்கிறார்கள், வெட்டிப் பெரிதாக்காதீர்கள்.

சீலன்ட் தேவையா என்பது கேஸ்கெட்டைப் பொறுத்தது. கிராஃபைட் கலவை, பூச்சு போட்ட வகைகளை உலர்ந்தபடியே வைக்க வேண்டும். செம்பு போர்த்திய வகைக்கு, தயாரிப்பாளர் சொன்னால் மெல்லிய செம்பு ஸ்பிரே. முழுச் செம்பு கேஸ்கெட் என்றால் மங்கிய செந்தணல் நிறம் வரும் வரை சூடாக்கி ஆறவிட்டு மென்மையாக்க வேண்டும். அது தண்ணீரைத் தானாக அடைக்காது, தண்ணீர்த் துளைகளைச் சுற்றி சீலன்ட் கட்டாயம்.

11. முறுக்கும் வரிசை

ஹெட்டை நேராக இறக்கி, புது வாஷர்களோடு நட்டுகளைக் கையால் உட்காரவையுங்கள். மரைக்கு எண்ணெய் போட வேண்டுமா, உலர்ந்து இருக்க வேண்டுமா என்பதை மேனுவலில் பாருங்கள். எண்ணெய் உராய்வைக் குறைக்கும், அதே டார்க்கில் ஸ்டட் கூடுதலாக இழுபடும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் ஸ்டட்டை நீட்டிவிட்டவர்கள் உண்டு.

நடுவிலிருந்து ஓரத்துக்கு, சுருள்போல் விரிந்து போங்கள். முதல் சுற்றில் முழு அளவில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்து மூன்றில் இரண்டு, மூன்றாவதில் முழு அளவு. பிறகு அதே வரிசையில் இன்னொரு முறை சரிபார்ப்பு. நடுவில் தொடங்குவதால் கேஸ்கெட் வெளிப்பக்கம் விரிந்து படியும். ஓரங்களை முதலில் பிடித்தால் நடுவில் உப்பி நிற்கும்.

ரென்ச்சை மெதுவாக, ஒரே இழுப்பில் இழுங்கள். ஒரு நட்டு சுற்றிக்கொண்டே போய் டார்க் ஏறவில்லை என்றால் நிறுத்துங்கள். மரை போயிருக்கிறது, ஹெட்டைத் தூக்கி அதைச் சரிசெய்யாமல் முன்னேற வழியில்லை.

12. கோர்ப்பதும் ஆயிலும்

கழற்றியதன் தலைகீழ் வரிசை. தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பாருங்கள். கடல்நீர் நேராக ஓடும் இன்ஜினுக்கு 60 டிகிரி செல்சியஸ் அளவில் திறப்பதே சரி. அதிகச் சூட்டில் உப்பு படிந்துவிடும், காருக்கான தெர்மோஸ்டாட் இங்கே ஆகாது. இம்பெல்லரைப் புதிதாகப் போடுங்கள்.

தண்ணீர் கலந்த ஆயிலை முழுக்க உறிஞ்சி எடுத்து, ஃபில்டர் இருந்தால் அதையும் மாற்றி, புது ஆயில் ஊற்றுங்கள். இன்ஜின் சிறிது நேரம் ஓடியதும் அதையும் எடுத்துவிடுங்கள். வெளுப்பு முழுக்கப் போகும் வரை இப்படி மாற்ற வேண்டும். உள்ளே போனது கடல்நீர் என்றால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பேரிங் முகங்களில் உப்பு வேகமாக அரிக்கும்.

13. முதல் ஓட்டம்

படகைக் கட்டிவைத்த நிலையில், ப்ளோயரை ஓட்டிவிட்டுத் தொடங்குங்கள். இன்ஜின் உடனே பிடிக்காது என்று தோன்றினால் கடல்நீர் வால்வை மூடியே வைத்து ஸ்டார்ட் செய்து, பிடித்த அந்த நொடியில் திறங்கள். முதல் பகுதியில் சொன்ன மஃப்ளர் வெள்ளம் இந்த நேரத்தில்தான் அதிகம் வரும். குழாய்த் தண்ணீரை அழுத்தத்தோடு இன்ஜினில் நேராக இணைப்பதும் அதே விளைவைத் தரும். தண்ணீர் தரவேண்டுமென்றால் வாளியிலிருந்து பம்பே உறிஞ்சட்டும்.

எக்ஸாஸ்ட்டில் தண்ணீர் அரை நிமிடத்துக்குள் வரவில்லை என்றால் நிறுத்துங்கள். வந்தால் மிதமான வேகத்தில் சூடேறவிட்டு, ஹெட்டின் இரண்டு முனைகளையும் வெப்பமானியால் அளந்து பாருங்கள். ஒரு முனை மட்டும் மிகச் சூடாக இருந்தால் உள்ளே அடைப்பு மிச்சமிருக்கிறது. ஹெட்டின் விளிம்பில் ஈரம் கசிகிறதா என்று விளக்கடித்துச் சுற்றிப் பாருங்கள்.

14. மறுமுறுக்கு

முதல் சூட்டில் கேஸ்கெட் அமுங்கும், நட்டுகளின் பிடி குறையும். பழைய வகை கேஸ்கெட்களுக்கு மறுமுறுக்கு கட்டாயம், ஆனால் பலர் விட்டுவிடுவதும் இதைத்தான். மறுமுறுக்கு வேண்டாத கேஸ்கெட் என்றால் உறையிலேயே எழுதியிருக்கும்.

மேனுவல் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு அதே வரிசையில் போங்கள். ஒரு நட்டைச் சற்றே தளர்த்தி முழு டார்க்குக்கு முறுக்கி, அதன் பிறகே அடுத்ததைத் தொடுங்கள். தளர்த்தாமல் ரென்ச்சை மட்டும் வைத்தால் ஒட்டிய மரையின் உராய்வையே டார்க் என்று நினைத்து அது சொடுக்கிவிடும். சுமார் பத்து மணி நேரம் ஓடிய பிறகு இன்னொரு முறை இதையே செய்யுங்கள்.

வால்வுகள் ஹெட்டில் இருக்கும் இன்ஜினில் ஒவ்வொரு மறுமுறுக்குக்குப் பிறகும் வால்வு இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். ஹெட் கீழே இறங்கும்போது இடைவெளியும் குறையும், வால்வு முழுக்க மூடாமல் எரிந்துபோகும். சைடு வால்வு இன்ஜினில் இதற்கு அவசியமில்லை. அங்கே நட்டுகளை முடித்துவிட்டு, கம்ப்ரஷனை மறுபடி அளந்து, அளவுகளைத் தேதியோடு மேனுவலின் உள் அட்டையில் எழுதி வையுங்கள். அடுத்த முறை சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் கைகொடுக்கும்.